துறைமுகத்தில் ஒன்பது மணி நேரம்

கப்பலில் ஏறும் நாளன்று மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் கபின் கதவுக்கு வந்து சேர இரவாகலாம். பிரஷர் மாத்திரை, சீனி வருத்த மாத்திரை, கண்ணாடி, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, இவ்வளவும் கைப்பையில் இருக்க வேண்டும். வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எதைக் கையில் எடுப்பது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்பதில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி உலகத்தில் பலருக்குக் கிடைத்ததில்லை.

நான் கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். எந்தப் படிவத்தின் எந்தக் கூட்டில் எதை எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குக் கையில் ஆறாவது விரல் இருக்கும், எனக்கு இது இருக்கிறது. மகன் லண்டனில் கப்பல் பயணங்கள் விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று நானும் மனைவியும் போகும்போதெல்லாம், கடைசி நேரம்வரை விலைபோகாத ஒரு கபினில் எங்களை ஏற்றி ஒரு கிழமைக்குக் கடலுக்கு அனுப்பிவிடுவான். அந்தக் கிழமை மருமகளுக்கும் ஓய்வு. இப்படி மூன்று தடவை போனோம். நான்காவது தடவை போனது வேறு காரணத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரந்தன் சந்தியிலிருந்து பூநகரி வீதியில் எங்கள் ஒழுங்கைவரை, குரூஸ் கப்பலைப் பற்றிச் சந்தேகம் கேட்கலாம் என்று பெயரெடுத்த ஒரே ஆள் நான்தான். கேட்பதற்கு ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் முன்பெல்லாம் பெற்றோரைக் கூப்பிட்டு வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். இப்போது கப்பலில் ஏற்றுகிறார்கள். எங்களுக்கு இரண்டு வாய்க்கால் தள்ளி வயல் செய்யும் ஒருவர், மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம், மகள் ரிக்கற் எடுத்துவிட்டாளென்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, கப்பல்ல சோறு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கள். ஒரு நாளைக்கு ஏழு தரம் சாப்பிடலாம்."

"ஏழு தரமா? அப்ப அங்க நமக்கு வேலை என்னங்க?"

"சாப்பிடுறதுதான் வேலை."

அந்த அம்மா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அப்ப அறுவடைக்கு முன்னாடி போவக் கூடாது. வந்து குனிய முடியாது" என்றார். நான் கேட்ட பயண ஆலோசனைகளிலெல்லாம் அதுதான் உருப்படியானது.

அவர்களுக்கு நான் சொன்னவற்றை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். கபின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இருந்தால் ஆட்டம் குறைவு. உயரத்திலும் முனையிலும் இருக்கிற கபின் படத்துக்கு அழகு, வயிற்றுக்குக் கெடுதல். கரையில் இறங்கும்போது உங்கள் கைத்தொலைபேசி அந்த நாட்டு நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் மாறாது. ஆகவே கையில் ஒரு பழைய மணிக்கூட்டைக் கட்டி, கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பதும் கப்பலை விட்டு இறங்குவதும் ஏறுவதும் ஒரே அட்டைதான். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல்நாள் சாப்பாட்டு மண்டபத்தில் நெரிபட வேண்டாம். சாப்பாடு முடியாது. முடியாத சாப்பாடு என்ற ஒன்று இருக்கிறதென்பதை எங்கள் ஆட்களுக்கு நம்பவைப்பது மிகவும் கடினம். என் மனைவி மூன்றாவது பயணத்தில்கூட இரண்டு பாண் துண்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

அபாய ஒத்திகை என்று ஒன்று நடக்கும். சங்கு ஏழு தரம் சுருக்கமாகவும் ஒரு தரம் நீளமாகவும் ஊதும். எல்லோரும் தங்களுக்குரிய இடத்துக்குப் போக வேண்டும். முதல் பயணத்தில் வெள்ளைக்காரர்கள் கையில் குடைவைத்த பானங்களோடு ஆறுதலாக வந்தார்கள். மனைவி நாலு நிமிடத்தில் வந்து நின்றாள். கையில் கடவுச்சீட்டு, மருந்து, ரோச் லைற், கம்பளிச் சட்டை, பிஸ்கற் பக்கற். கப்பல் ஊழியப் பெண் ஒருத்தி அவளைத் தட்டிக்கொடுத்து, இத்தனை வருடத்தில் இப்படி ஆயத்தமாக வந்த பயணியைக் கண்டதில்லை என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அவவுக்கு என்ன தெரியும்" என்றாள் மனைவி.

இனி நான்காவது பயணம்.

மனைவிக்கு ஒரேயொரு தங்கை. நோர்வேயில் பேர்கன் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறாள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் போனவள். முதலில் திரும்பி வர முடியாத காலம். வரலாம் என்று காலம் மாறியபோது அவளுடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். "மெசினுக்குப் போறன்" என்பாள், வயலுக்குப் போவதைப் போல. விமானத்தில் ஏறக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். சகோதரிகள் இருவரும் நாள் தவறாமல் வட்ஸ்அப்பில் கதைப்பார்கள். ஆனால் கையைப் பிடித்துப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதல்லவா. "ஒருக்கா அவளின்ரை தலையில எண்ணெய் வைச்சுவிட வேணும். அவ்வளவுதான்" என்பாள் மனைவி. என்னிடம் அவள் கேட்டவை நாற்பது வருடத்தில் மிகச் சிலவே. இது ஒன்று.

நோர்வேக்கு மட்டும் போய்வரும் விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம். இரண்டு முறையும் இல்லையென்று வந்தது. எங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவதற்கான காரணங்கள் போதாவாம். எங்கள் காணி குடியேற்றத் திட்டக் காணி, உறுதிப் பத்திரம் கிடையாது, அனுமதிப்பத்திரம்தான். அதை எப்படி மொழிபெயர்த்தாலும் காணி என்னுடையது போலவும் இல்லாதது போலவும்தான் வரும். அவர்கள் மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆகவே கோபப்படவில்லை. விதிகளை வாசித்தேன். பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது. அதிக நேரம் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஒல்லாந்தில் அதிக நேரமும் பேர்கனில் ஒரு பகலும் நிற்கிற ஒரு கப்பல் தேடு. எட்டு மாதத்துக்கு முன்னதாகவே பதிவு செய்தான். கிராம சேவகர் அத்தாட்சி, ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கடிதம், மகனின் கடிதம் எல்லாவற்றையும் நூல் கட்டி எடுத்துக்கொண்டு, விடியப் புறப்பட்டு வவுனியாவுக்கு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். கப்பல் ஓடும் நாட்களை எண்ணி விசா கிடைத்தது. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்றைக்கு மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் நான் எழுதித் தள்ளியவற்றில் ஒன்றாவது அவளுக்குப் பிரயோசனப்பட்டது.

பேர்கனில் காலை எட்டு மணிக்குக் கப்பல் கட்டும். மாலை ஐந்து மணிக்கு அவிழ்க்கும். ஒன்பது மணி நேரம். தங்கைக்குக் கப்பல் வரும் புதன்கிழமை காலை மெசின். கெஞ்சிக் கேட்டு அதைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றியிருந்தாள். துறைமுகத்துக்குக் கணவனோடு வருவாள். வீட்டுக்குக் கூட்டிப்போவாள். மூன்றரைக்குக் கொண்டுவந்து விடுவாள். மனைவி கொண்டுபோன பொதியில் மோர்மிளகாய், எலுமிச்சங்காய் ஊறுகாய், பாரைக் கருவாடு, பனங்கட்டி. சிறுநீரக நோயாளிக்கு விலக்கப்பட்டவை என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியது போல இருந்தது. சொன்னேன். "அவள் மணந்து பாக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். திங்கள் முழுவதும் ஒல்லாந்து. செவ்வாய் கடல்.

செவ்வாய் விடிய வட கடல் எழும்பியது. நடைவழிக் கைபிடிகளில் கடதாசிப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அதைக் கண்டாலே போதும், நிலைமை விளங்கிவிடும். பத்து மணிக்கு மனைவி வாந்தி எடுத்தாள்.

கபின் கதவின் உள்பக்கம் ஓர் அறிவித்தல் இருக்கும். பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை வாசிப்பதில்லை. நான் ஏறியவுடன் முதலில் வாசிப்பது அதைத்தான். வாந்தியோ வயிற்றோட்டமோ ஏற்பட்டால் உடனே இந்த இலக்கத்துக்கு அறிவிக்கவும். தொலைபேசியை எடுத்தேன். தாதி வந்தாள். கேள்விகள் கேட்டாள், ஒரு மாத்திரை கொடுத்தாள், பெரும்பாலும் இது கடலாட்டம்தான் என்றாள். ஆனாலும் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், கடைசி வாந்தியிலிருந்து இருபத்து நாலு மணி நேரம் மனைவி கபினைவிட்டு வெளியே வரக்கூடாது. எனக்கு ஒன்றுமில்லாதபடியால் நான் வரலாம். மறுபடி எடுத்தால் உடனே அறிவிக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். புதன் காலை பத்து மணி. இரண்டு மணி நேரம்தான் நட்டம். ஏழு மணி நேரம் மிச்சம். மனைவிக்குச் சொன்னேன். "பத்து மணிக்கெல்லோ. அவள் வந்து நிப்பாள்" என்று சொல்லி, போர்வைக்குள் சுருண்டு படுத்தாள்.

பின்னேரம் இஞ்சி போட்ட சுடுநீர் கேட்டாள். வாங்கி வந்து கொடுத்தேன். ஆறு மணிக்கு அது வெளியே வந்தது. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நான் தொலைபேசிப் பக்கம் திரும்புவதைக் கண்டாள்.

"இஞ்சேருங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். சொல்லாதேங்கோ."

"சொல்ல வேணுமெண்டு எழுதியிருக்கு."

"இது இஞ்சித் தண்ணி. வருத்தமில்லை. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். ஆனா தொற்று இல்லையெண்டு எனக்கு நிச்சயமாத் தெரியுமோ? கப்பலில மூவாயிரம் சனம் இருக்கு."

"உங்களுக்கு மூவாயிரம் சனம் இருக்கு. எனக்கு ஒருத்திதான் இருக்கிறாள்."

 பிறகு, நான் எதிர்பார்த்ததைச் சொன்னாள்.

"அம்மாவையும் இப்பிடித்தான் எழுதினனீங்கள்."

போர் முடிந்து முகாமில் இருந்தபோது நடந்த கதை அது. நானும் முட்கம்பிக்குள்தான் இருந்தேன். ஆனாலும் அரச உத்தியோகத்தர் என்பதால் என்னை மேசையில் இருத்தி பதிவு எழுத வைத்தார்கள். ஒருநாள் காலை, காய்ச்சல்காரர் பட்டியலில் மாமியாரின் பெயரை நானே எழுதினேன். மனைவி வேண்டாமென்று என் கையைப் பிடித்தாள். அங்கே சனங்களுக்கு ஒரு பாடம் இருந்தது: வருத்தமென்று சொன்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள், எங்கே என்று சொல்லமாட்டார்கள். ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் எங்கேயென்று தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாரென்று தகவல் வந்தது. பிழைத்துவிட்டார். அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். எழுதாவிட்டால் பிழைத்திருக்கமாட்டார் என்று வைத்தியரே சொன்னார். நான் செய்தது சரி. அந்தப் பதினொரு நாளும் மனைவி கம்பி ஓரத்தில் நின்றதும் உண்மை. இந்த இரண்டில் எது பெரியது என்று நாங்கள் இன்றுவரை பேசி முடிக்கவில்லை.

நான் தொலைபேசியை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூவாயிரம் பேருக்காக என்று சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையிருக்கிறது. மற்றப்படி, எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் விட என் கைக்குத் தெரியாது. அதுவும் "பின்னேரம்" என்று சொல்லியிருந்தால் தாதி நாலு மணி என்றும் போட்டிருப்பாள், ஐந்து என்றும் போட்டிருப்பாள். மேலே ஓர் இரக்கமுள்ள ஆள் இருந்திருந்தால் மூன்று என்றும் வாசித்திருப்பார். நான் சொன்னேன்: மாலை ஆறு மணி. அவள் எழுதினாள். புதன் மாலை ஆறு மணிவரை. கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படும்.

மனைவி அழவில்லை. திட்டவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, "வடிவா எழுதினவளோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. பிழை விடப்போறாள்" என்றாள்.

அன்றிரவே மனு ஒன்று எழுதினேன். ஆங்கிலத்தில், மூன்று பந்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு. ஒன்று, நோயின் தன்மை. இரண்டு, இருபத்தெட்டு வருடம், தங்கையின் உடல்நிலை. மூன்று, முகக்கவசத்தோடு, யாரையும் தொடாமல், பின்வழியால் இறக்கினால் போதும் என்ற பணிவான வேண்டுகோள். வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த மனு அதுதான். காலை ஏழு மணிக்கு வரவேற்பு மேசையில் கொடுத்தேன். அங்கிருந்த இளம்பெண் முழுவதையும் வாசித்தாள். அவள் கண் கலங்கியதைக் கண்டேன்.

"மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஐயா. இதை மருத்துவப் பிரிவுக்கு அனுப்புகிறேன். ஆனால் முடிவு என் கையில் இல்லை."

அவள் குரல், முகம், தலையை ஒரு பக்கம் சரித்த விதம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. கச்சேரியில் என் கதிரைக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேருக்கு நான் அதே தலையை அதே பக்கம் சரித்திருக்கிறேன். காணி கேட்டவர்கள், இறப்பு அத்தாட்சி கேட்டவர்கள், இறப்பு அத்தாட்சி வேண்டாம் ஆளைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டவர்கள். மேலிடத்துக்கு அனுப்புகிறேன். அனுப்பியும் இருக்கிறேன். அவர்கள் திரும்பிப் போகும்போது அவர்களுடைய முதுகு எப்படி இருந்திருக்கும் என்று அன்று காலை அறிந்தேன். ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. வருந்துகிறோம்.

கப்பல் இடதுபக்கத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டியிருந்தது. எங்கள் பல்கனி வலதுபக்கம். வடக்கே போகும்போது கரை வலதுபக்கம் தெரியும் என்று கணக்குப் பார்த்து நான்தான் எடுக்கச் சொன்னேன். கப்பல் எந்தப் பக்கத்தால் கட்டும் என்பதை எந்த அட்டவணையிலும் போடமாட்டார்கள். அடிக்கடி போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனைவிக்குத் தெரிந்தது தண்ணீரும் எதிர்க்கரை மலையில் சில சிவப்பு வீடுகளும்தான்.

"நீங்கள் போங்கோ. பொதியைக் குடுங்கோ. எனக்கு இப்பிடியெண்டு சொல்லாதேங்கோ. இப்ப வருவா எண்டு சொல்லுங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு அப்பிடிச் சொல்லுறது?"

"உங்களால ஏலுமான அளவுக்கு."

துறைமுக வேலிக்கு வெளியே தங்கை சக்கர நாற்காலியில் இருந்தாள். படத்தில் கண்டதைவிடச் சிறிய உருவம். பின்னால் அவள் கணவர், என் சகலன், நின்றார். அங்கே பஸ் ஓட்டுகிற மனிதர், கதை குறைவு. அவள் என்னைக் கண்டுவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகும் பார்த்தாள்.

"அத்தான், அக்கா எங்கை?"

"இப்ப வருவா."

"படியில ஏலாதோ? மெதுவா வரச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்தானே."

நான் ஏலுமான அளவுக்குத் தாக்குப்பிடித்தேன். கிட்டத்தட்ட மூன்று நிமிடம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நேரங்கள் உட்பட. அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். கேட்டு முடிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"ஐயோ அத்தான்! ஆறு மணிக்குச் சத்தி எடுத்தா ஆறு மணியெண்டே சொல்லுற மனிசனைக் கட்டிப்போட்டு அக்கா எப்பிடி இவ்வளவு காலம் சீவிச்சவா? நீங்கள் இன்னும் பென்சன் எடுக்கேல்லையோ?"

"எடுத்திட்டன்."

"காணாது. இன்னொருக்கா எடுங்கோ."

சகலன் அவள் தோளில் கையை வைத்தார். சிரிப்பு நின்றபோது அவள் முகம் என்னவானது என்பதை நான் எழுதப்போவதில்லை.

உள்ளே வர அனுமதி கேட்டோம். வேலிக் காவலர், வருகையாளர் பெயர் இரண்டு கிழமைக்கு முன் கொடுத்திருக்க வேண்டும் என்றார். விதி எனக்குத் தெரியும். மனைவி வெளியே வருவாளென்பதால் கொடுக்கவில்லை. வேலி ஓரத்தில், காற்றுப் படாத ஒரு சுவர் மூலையில் நாற்காலியை நிறுத்தி, தொலைபேசியில் மனைவியை எடுத்தோம். கப்பலின் இணையம் விட்டுவிட்டு வந்தது. முகம் உறையும், குரல் வரும். குரல் நிற்கும், முகம் அசையும்.

"அக்கா, தெரியுதே?"

"தெரியுது. ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்? தொப்பியைப் போடு, காதுக்கை காத்துப் போகும்."

"போட்டுத்தான் இருக்கிறன். உன்ரை மனிசன்தான் தொலைபேசியைச் சரிச்சுப் பிடிக்கிறார்."

"அவர் அப்பிடித்தான். எழுதத்தான் தெரியும்."

இருவருக்கும் இடையே நூற்றைம்பது மீற்றர் இருக்கலாம். நடுவில் கப்பலின் அகலம். நான் கையை நீட்டித் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொதியைப் பிரித்து, தங்கை ஒவ்வொன்றாக மூக்கருகில் கொண்டுபோனாள். கருவாட்டை மணந்தபோது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். படம் உறைந்துவிட்டதென்று நினைத்து மறுமுனையில் மனைவி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். தங்கை சமைத்துக் கொண்டுவந்த இடியப்பமும் சொதியும் சகலனின் காரில் இருந்தன. வெளிச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். நான் நின்றபடி சாப்பிட்டேன். மனைவி பார்க்க வேண்டுமென்று தங்கை அதையும் தொலைபேசியில் காட்டினாள்.

"சொதிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டாள் மனைவி.

"காணும்" என்றேன். உப்பே இல்லை. அந்த வீட்டில் உப்புப் போடுவதில்லை.

மூன்றரைக்குச் சகலன் மணிக்கூட்டைப் பார்த்தார். "மெசினுக்கு நேரமாகுது" என்றார். அன்று அவர் என்னோடு பேசியது அது மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் தங்கைக்கு ஒரு விஷயம் சொன்னேன். ஐந்து மணிக்குக் கப்பல் வெளியேற முன், குடாவுக்குள்ளேயே மூக்கைத் திருப்ப வேண்டும். அப்போது எங்கள் பல்கனி ஐந்தாறு நிமிடம் கரையைப் பார்க்கும். நின்றால் அக்கா காண்பாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், முடியாதென்று. காலையில் போயிருக்க வேண்டியதை ஏற்கனவே தள்ளிவைத்தாயிற்று. அவளுடைய கால்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தொலைபேசியைத் தானே வாங்கி, "அக்கா, நான் அஞ்சு மணிக்கும் இஞ்சதான் நிப்பன். மெசினை நாளைக்குத் தள்ளிப்போட்டாச்சு. நீ வெளியில வந்து கையைக் காட்டு" என்றாள். அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். குளிர்ந்த கை.

"அத்தான், நான் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ. நானும் அப்பிடியே சொல்லுவன். இதையாவது மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ."

மாற்றிச் சொல்லமாட்டேன் என்றேன். கார் போனது.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. மனைவி தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பல்கனியில் நின்றாள். கப்பல் மெதுவாகத் திரும்பியது. மலை போனது, சிவப்பு வீடுகள் போயின, பிறகு துறைமுகம் வந்தது. வேலி, கொட்டகை, காலியான தரை.

"எங்கை நிக்கிறாள்?"

"அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில. மஞ்சள் தூணடியில."

"செம்மஞ்சள் உடுப்பு ஒண்டு தெரியுது. அவளோ?"

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒரு துறைமுகத் தொழிலாளி அவர்.

"அதுக்குப் பின்னால. சுவர் மூலையில."

அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். பக்கத்துப் பல்கனிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். கரையில் அந்த மனிதர் நிமிர்ந்து, கப்பலைப் பார்த்து, ஒரு கையைத் தூக்கி அசைத்தார். கப்பல்களுக்குக் கையசைப்பது அங்கே வழக்கமாக இருக்கலாம்.

"கண்டிட்டாள்! கை காட்டுறாள், பாருங்கோ!"

"ஓம்" என்றேன். "காட்டுறா."

சொதியின் உப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான் அறிந்து கொடுத்துத் திருத்தாமல் விட்ட முதலாவது பொய் வாக்குமூலம் அது. தங்கை தன் பக்கத்து வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். இன்றைக்கும் தொலைபேசியில் அந்த நேரம் அடித்த காற்றைப் பற்றிக் கதைக்கிறாள். இதை எழுதியபடியால் மனைவிக்கும் தெரிந்துவிடும். பேசாமல் விட்டிருக்கலாம்.

துறைமுகம் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகும் அவள் உள்ளே வரவில்லை. குளிரில் நின்றாள். உள்ளே வரச்சொன்னேன். வந்து கட்டிலில் இருந்தாள். கைகளை மடியில் வைத்திருந்தாள்.   

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சரியாக ஆறு. ஒரு நிமிடம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. இளமையான, இனிமையான குரல். தனிமைப்படுத்தல் முடிந்துவிட்டது, கதவு அட்டை மறுபடி வேலை செய்யும், விபரங்களைச் சரியாக அறிவித்து ஒத்துழைத்ததற்கு நன்றி. நன்றி சொல்லி வைத்தேன்.

"என்னவாம்?"

"நீர் இனி வெளியில போகலாமாம்."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கை?"